வாசகர் கேள்வி – பதில்: எந்த ஏ-2 சரியான ஏ-2?

சென்ற இதழில் பழைய ஆடைகளின் லேபல்களை வாசிப்பது பற்றி எழுதியபோது, இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளின் தோல் ஜாக்கெட்டுகளைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்றவற்றை எல்லாம் மிஞ்சிவிட்டன. ஆகவே இம்முறை இப்பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன். புதிய வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஆடை ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகள் அளவு நாடாவுடன் நின்றவன் நான். என் பதில்களில் அந்தப் பழக்கம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1989இல் என் தமையனார் லண்டனில் ஏ-2 தோல் ஜாக்கெட் ஒன்று வாங்கினார். அசலின் அச்சு அசலான பிரதி என்று சொல்லி விற்றார்களாம். சென்ற மாதம் அவருடைய மகன் ஜப்பானிலிருந்து ஒன்று கொண்டுவந்தான். அதையும் அப்படியேதான் சொல்கிறார்கள். இரண்டையும் அருகருகே விரித்தால் ஒரே உடையின் பிரதிகள் என்று நம்ப முடியவில்லை. யாரை ஏமாற்றிவிட்டார்கள்?
— வாசகி, வெள்ளவத்தை

இருவரையும் ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். இரண்டும் தத்தம் காலத்து அளவுகோலின்படி செய்யப்பட்டவை. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த அளவுகோல் வெகுதூரம் நகர்ந்துவிட்டது.

முதலில் அசலைப் பார்ப்போம். ஏ-2 என்பது 1931 மே 9ஆம் திகதி அமெரிக்க இராணுவத்தின் விமானப் பிரிவு தரப்படுத்திய கோடைக்காலப் பறப்பு ஜாக்கெட். அதற்கு முன்னிருந்த ஏ-1 பொத்தான்கள் வைத்தது; கொலரும் கம்பளிப் பின்னலால் ஆனது. ஏ-2 சிப் பூட்டு, தோல் கொலர், தோள்பட்டிகள், மூடியுடன் கூடிய இரண்டு பைகள், கையிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல் பட்டி என்று அமைந்தது. விதிப்படி அது குதிரைத் தோல். சில ஒப்பந்தங்களில் வேறு தோல்களும் பயன்பட்டன. 1943இல் விமானப் படைத் தளபதி ஜெனரல் ஹென்றி ஆர்னல்ட், தோல் ஜாக்கெட்டுக்கான புதிய ஒப்பந்தங்களை நிறுத்தித் துணி ஜாக்கெட்டுகளுக்கு வழிவிட்டார். ஆகவே அசல் ஏ-2 என்பது ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிய ஒரு பொருள்.

போருக்குப் பின் மிகுதிச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்த ஜாக்கெட்டுகள் தேய்ந்து தீரத் தொடங்கியபோதுதான் பிரதிகளுக்குச் சந்தை உண்டாயிற்று. 1975இல் நியூயோர்க்கில் தொடங்கிய அவிரெக்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்த உடையை மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்தன. 1986இல் கடற்படை விமானிகளைப் பற்றி வந்த ஹொலிவூட் படத்துக்குப் பிறகு, பறப்பு ஜாக்கெட் வேண்டுமென்று கேட்காத இளைஞரே இல்லை என்ற நிலை உருவாயிற்று. அக்காலத்தில் வாங்குபவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: பார்த்தால் விமானியின் ஜாக்கெட் போல இருக்கிறதா? பழுப்புத் தோல், தோள்பட்டி, பின்னல் பட்டி மூன்றும் இருந்தால் ஆம் என்று பதில் வந்துவிடும். தோல் மாட்டினுடையதா ஆட்டினுடையதா, பின்னல் கம்பளியா அக்ரிலிக்கா, சிப் எந்தக் காலத்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். எண்பதுகளின் நாகரிகப்படி உடல் அகலமாகவும் நீளமாகவும், அக்குள் தாழ்வாகவும் வெட்டப்பட்டது.

உங்கள் தமையனாரின் ஜாக்கெட்டில் முன்பையின் பக்கவாட்டில் கையை நுழைத்துப் பாருங்கள். கை சூடாக்கிக்கொள்ள ஒரு திறப்பு இருந்தால் அது அந்தக் காலத்துச் சலுகை. போர்க்கால ஏ-2இல் பைக்கு மேற்புறமாக மட்டுமே வழி உண்டு. உட்புறப் பை இருந்தாலும் அவ்வாறே கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். 1988இல் அமெரிக்க விமானப்படையே ஏ-2 ஜாக்கெட்டைத் தன் விமானிகளுக்கு மீண்டும் வழங்கத் தொடங்கியது. அது வெள்ளாட்டுத் தோலால் ஆனது. போர்க்கால வெட்டைவிடத் தாராளமானது. ஆகவே 1989இல் ஒரு கடைக்காரர் அகலமான ஆட்டுத்தோல் ஜாக்கெட்டைக் காட்டி இதுதான் ஏ-2 என்று சொல்லியிருந்தால், அன்று பணியிலிருந்த விமானியின் தோளிலும் ஏறத்தாழ அப்படியொன்றுதான் கிடந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மையாவது இருந்திருக்கிறது.

இனி மருமகனுடையது. எண்பதுகளின் நடுவிலிருந்து இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஈஸ்ட்மன் நிறுவனமும், பின்னர் ஜப்பானில் ரியல் மெக்கோய்ஸும், 1993 முதல் டோயோ என்ரர்பிரைஸின் பஸ் ரிக்சன்ஸும் வேறொரு வழியைப் பிடித்தன. அசல் ஒன்றைத் தேடி வாங்குவது, தையல் தையலாகப் பிரிப்பது, ஒவ்வொரு துண்டையும் தாளில் வரைவது, அந்தத் தாளிலிருந்து மீண்டும் வெட்டுவது என்பதே அவ்வழி. (டோயோவின் முன்னோடி வணிகம், போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நினைவுப்பொருளாகப் பூவேலை ஜாக்கெட்டுகள் விற்றது. வாங்கிய சிப்பாய்களின் உடையை, அன்று விற்றவரே பின்னாளில் பிரதியெடுத்தது இந்த வணிகத்தின் வேடிக்கைகளில் ஒன்று.) அத்தோடு பிரதியின் இலக்கே மாறிப்போனது. பொதுவாக ஒரு ஏ-2 என்பது போய், ரஃப் வெயார், ஏரோ லெதர், பெரி, ஸ்டார், டூபோ என்று போர்க்காலத்தில் தைத்துக் கொடுத்த நிறுவனங்களில் ஒன்று, அதன் குறித்த ஓர் ஒப்பந்த எண், அந்த எண்ணுக்குரிய பை வடிவம், கொலர், நூல் நிறம், சிப் என்று வந்துவிட்டது. மருமகனுடைய ஜாக்கெட்டின் கழுத்து லேபலைப் பாருங்கள். பெரும்பாலும் இவற்றுள் ஒரு பெயரும் ஓர் எண்ணும் இருக்கும்.

நான் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்களிடம் கால் அங்குலம் பிசகினால் உருப்படி திரும்பிவிடும். இராணுவம் ஒரே வரைபடத்தைக் கொடுத்துச் செய்வித்த உடையில் இத்தனை வகை எப்படி வந்தது?
— வாசகர், சீதுவை

நம் தொழில் தெரிந்தவரின் கேள்வி. இதற்குத்தான் நானும் நெடுநாள் விடை தேடினேன்.

வரைபடம் ஒன்றேதான், அதன் எண் 30-1415 என்று லேபல்களில் நெய்யப்பட்டிருக்கிறது. ஆனால் இன்று கொள்வனவாளர் நமக்கு அனுப்பும் கட்டோடு அதை ஒப்பிடக்கூடாது. நமக்கு ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி வெட்டுத்தாள், புள்ளிக்குப் புள்ளி அளவு அட்டவணை, முத்திரையிட்ட ஒப்புதல் மாதிரி எல்லாம் வருகின்றன. அன்று தைத்தவர்கள் தோல் உடையும் மழைக்கோட்டும் விளையாட்டு உடையும் தைத்து வந்த சிறிய, நடுத்தர நிறுவனங்கள். உடை எப்படி இருக்கவேண்டும் என்று வரைபடம் சொல்லியது. அதை எட்டும் வழியில் ஒவ்வொரு தையற்கூடமும் தன் கைப்பழக்கத்தைப் பின்பற்றியது என்பதை எஞ்சியிருக்கும் ஜாக்கெட்டுகளே காட்டுகின்றன. சிலர் கொலருக்கு அடியில் தனித் துண்டு வைத்து அதை நிமிர்த்தினர். சிலர் நேரே கழுத்தில் இணைத்துவிட்டனர். பை மூடியின் விளிம்பு ஒருவரிடம் கூர்மையாகவும் இன்னொருவரிடம் அலைபோலவும் வளைந்தது. தோள்பட்டியின் மேல் ஓடும் தையல்கூட ஆளுக்கு ஆள் வேறு. சிப், டாலன், கிரவுன், கொன்மார் ஆகிய நிறுவனங்களில் எதனுடையது கிடைத்தது என்பதைப் பொறுத்து அமைந்தது. போர் முற்றி உலோகம் தட்டுப்பாடானபோது அதன் பூச்சும் மாறியது.

நிறம் இன்னும் குழப்பமானது. செம்பழுப்பாக வழங்கப்பட்ட பல ஜாக்கெட்டுகள், பணிக்காலத்திலேயே படைக் கிடங்குகளில் செப்பனிடப்பட்டபோது கரும்பழுப்பாக மீண்டும் சாயமிடப்பட்டன. ஆகவே ஒரே ஜாக்கெட்டுக்கு இரண்டு அசல் நிறங்கள் உண்டு. முழங்கையில் மேற்பூச்சுத் தேய்ந்த இடத்தில் அடிநிறம் எட்டிப்பார்க்கும். பழைய பிரதிகள் எல்லாம் ஒரே கரும்பழுப்பில் வந்திருக்க, இன்றையவை ஐந்தாறு பழுப்புகளில் வருவதற்கு இந்த விவரம் தெரிய வந்ததே காரணம்.

அப்படியானால் இன்றைய பிரதிகள் அசலுக்கு மிக அருகில் வந்துவிட்டனவா என்று நீங்கள் கேட்பீர்கள். வடிவில் வந்துவிட்டன. வேலைப்பாட்டில் கடந்துபோய்விட்டன என்பது என் கருத்து. நான் கையிலெடுத்துப் பார்த்த இரண்டு போர்க்கால ஏ-2களிலும், நம் தொழிற்சாலையில் இருந்திருந்தால் சிவப்பு ஒட்டி ஒட்டியிருப்பேன். ஒன்றில் இடப் பை வலப் பையைவிட விரலகலம் உயர்ந்திருந்தது. மற்றதில் கொலரின் முனைத் தையல் ஓரிடத்தில் விலகி, அதன்மேல் மீண்டும் ஓட்டியிருந்தார்கள். அவசரமாக, துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, போர் முனைக்குப் போகும் உருப்படியைத் தைத்த கைகள் அவை. தோலும் மெல்லியது; ஒரு கையால் மடித்துப் பையில் திணித்துவிடலாம். இன்றைய உயர்விலைப் பிரதியோ தடித்த தோல், ஒன்றுபோன்ற தையல், சமச்சீரான பைகள் என்று பளபளக்கிறது. வாங்குபவர் ஒரு தையல் வளைந்திருந்தாலும் முறையிடுகிறார்; அதே வளைவு 1942ஆம் ஆண்டு ஜாக்கெட்டில் இருந்தால் படமெடுத்து ரசிக்கிறார். ஒப்பந்த எண்ணுக்குத் துல்லியம் வேண்டும், அந்த ஒப்பந்தத்தைத் தைத்த அவசரம் மட்டும் வேண்டாம் என்ற இந்த நிலையை நான் குறையாகச் சொல்லவில்லை. விலை கொடுப்பவர் நேர்த்தியைக் கேட்பது நியாயமே. ஆனால் அதை அச்சு அசல் என்று அழைப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

இதற்கு நேர்மாறான போக்கும் உண்டு. எண்பது ஆண்டு தேய்வையும் சேர்த்தே பிரதியெடுத்து, முழங்கை மங்கி, சாயம் உரிந்து, பின்னல் பட்டி நைந்த நிலையில் புதிதாக விற்கிறார்கள். கிடங்கிலிருந்து விமானிக்குப் புத்தம் புதிதாக வழங்கப்பட்ட ஜாக்கெட்டா, இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ஜாக்கெட்டா, எதைப் பிரதி செய்கிறோம் என்பதில் செய்பவர்களுக்கிடையே இன்றும் உடன்பாடு இல்லை. இருபது வயது விமானி அணிந்தபோது அது புதிய தோலின் மணத்தோடு விறைப்பாகத்தான் இருந்திருக்கும்.

குதிரைத் தோல்தான் வேண்டுமா? விலை ஆட்டுத் தோலைப் போல இரண்டு மடங்கு சொல்கிறார்கள்.
— வாசகர், கொட்டாஞ்சேனை

போர்க்கால ஏ-2இன் பிரதி என்று பெயர் சொல்லி வாங்குவதானால், இன்றைய அளவுகோலின்படி வேண்டும். 1930களில் அமெரிக்காவில் குதிரைத் தோல் ஆடம்பரப் பொருள் அன்று. வயலிலும் வண்டியிலும் உழைத்து முடிந்த விலங்குகளின் தோல் தாராளமாகக் கிடைத்தது. உழவு இயந்திரமும் மோட்டார் வாகனமும் குதிரையின் இடத்தைப் பிடித்த பின் அந்த வரவு வற்றிவிட்டது. எண்பதுகளின் பிரதிகள் மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் நாடியதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல. இன்று குதிரை இறைச்சி உண்ணும் நாடுகளிலிருந்து தோல் கிடைக்கிறது. ஜப்பானில் ஹிமேஜியிலும், அமெரிக்காவில் சிக்காகோவில் 1905 முதல் இயங்கும் ஹோர்வின் பதனிடும் தொழிற்கூடத்திலும் அதைப் பதனிடுகிறார்கள். சேகரிப்பவர்கள் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதையே விரும்புகிறார்கள். குரோமிய உப்பில் பதனிட்டது மென்மையாகவே இருந்துவிடும். பட்டைச் சாற்றில் பதனிட்டது அணிபவரின் உடலுக்கேற்ப மடிந்து, மடிப்புகளைத் தன்னில் பதித்துக்கொள்ளும்.

அமெரிக்கக் கடற்படையின் ஜீ-1 உங்களுக்குப் பிடிக்குமானால் இந்தக் கவலையே இல்லை. கொலரில் ரோமம் வைத்த அந்த ஜாக்கெட் முறைப்படியே வெள்ளாட்டுத் தோல்.

நைலோன் எம்ஏ-1 ஜாக்கெட்டுகளுக்கும் இந்த ஆராய்ச்சி எல்லாம் உண்டா? அது எல்லாம் ஒன்றுதானே?
— மாணவர், பம்பலப்பிட்டி

ஒன்றுபோலத் தோன்றுவதற்குக் காரணம், அந்தப் பறப்பு ஜாக்கெட்டை அமெரிக்க விமானப்படைக்குத் தைத்த நிறுவனங்களில் சில பொதுமக்களுக்கும் அதையே தொடர்ந்து விற்றதுதான். 1959இல் டெனசி மாநிலத்தில் தொடங்கிய அல்ஃபா இண்டஸ்ற்றீஸ் அவற்றுள் பெயர்பெற்றது. அதனால் அறுபதுகளின் எம்ஏ-1க்கும் கடை எம்ஏ-1க்கும் இடையில் பிரதி என்ற எண்ணமே நெடுங்காலம் எழவில்லை. வேறுபாடு உள்ளே இருக்கிறது. ஐம்பதுகளில் வந்தவற்றில் உட்துணியும் வெளித்துணியின் பச்சையே. விபத்தில் விழுந்த விமானி ஜாக்கெட்டைப் புரட்டிப் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்வதற்கான செம்மஞ்சள் உட்புறம் 1960 வாக்கிலேயே வந்தது. இடையில் வைத்த பஞ்சும் முதலில் கம்பளி கலந்தது, பிறகு பொலியெஸ்டர். இன்று ஜப்பானியப் பிரதிகள் எந்த ஆண்டின் எம்ஏ-1 என்று சொல்லி, அந்த ஆண்டின் உட்பஞ்சையும் நைலோனின் மினுக்கத்தையும் திரும்ப நெய்விக்கின்றன. கறுப்பு நிறத்தில் கிடைப்பது படை வழங்கிய நிறமல்ல, நாகரிகத்துக்காக வந்தது. அணிவதில் தவறில்லை.

இணையத்தில் 1942ஆம் ஆண்டு அசல் என்று ஒரு ஏ-2 வந்திருக்கிறது. லேபல் படத்தில் மிகச் சரியாக இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், தெஹிவளை

லேபல் மிகச் சரியாக இருப்பதுதான் என்னைத் தயங்கவைக்கிறது. எண்பதுகளில் போலிகளை லேபலைப் பார்த்தே ஒதுக்கிவிடலாம். எழுத்துரு பிழையாக இருக்கும், எண்ணே இருக்காது. இன்று நேர்மையான பிரதி நிறுவனங்களே லேபலை நூலுக்கு நூல் நெய்துவிடுவதால், இடைத்தரகர் ஒருவர் அந்தப் பிரதியைத் தேய்த்து, அழுக்காக்கி, அசலென்று விற்க வழி பிறந்துவிட்டது. தரம் உயர்ந்ததன் பக்கவிளைவு இது.

படத்தை விட்டுவிட்டு, பொருளைக் கையில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியுமானால் புறக்கோட்டைக் கடைகளில் ஆயிரம் ரூபாய், ஐயாயிரம் ரூபாய்த் தாள்களைச் சோதிக்கும் ஊதா விளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். தையல் நூலோ லேபலோ அந்த ஒளியில் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால், போருக்குப் பின் வந்த செயற்கை இழையோ வெளுப்பு இரசாயனமோ இருக்கிறது என்று ஐயுறலாம். பின்னாளில் யாரோ பழுதுபார்த்த தையலாகவும் இருக்கக்கூடும். பளிச்சிடாவிட்டால் எதுவும் நிரூபணமாகிவிடாது, ஏனெனில் நல்ல பிரதிகள் பருத்தி நூலிலேயே தைக்கப்படுகின்றன. பைகளின் அடிவரை விரல் விட்டுத் துழாவுங்கள். இழையின் பெயரும் சலவைக் குறிகளும் அச்சிட்ட சிறு துணிப்பட்டை, அல்லது அதை வெட்டிய அடையாளம் அகப்பட்டால் விற்பவரிடம் விடைபெறலாம்.

பின்னல் பட்டிகள் புதிதாக இருந்தால் மட்டும் பயப்படவேண்டாம். கம்பளியைப் பூச்சி அரிப்பது இயல்பு. அசல்கள் பலவற்றில் அவை மாற்றப்பட்டவை.

கொழும்பு வெயிலில் இதையெல்லாம் யார் அணிவது?
— வாசகி, கல்கிசை

நுவரெலியாவுக்குப் போகும் நாட்களில் நான். மற்ற நாட்களில் அது பருத்தித் துணி போர்த்தி அலுமாரியில் தொங்குகிறது. பிளாஸ்டிக் உறையில் ஒரு மழைக்காலம் விட்டுவைத்துப் பூஞ்சணம் பிடித்த பிறகு கற்ற பாடம்.

என் பாட்டனார் போர்க்காலத்தில் இரத்மலானை விமானத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அவர் வைத்துச் சென்ற செம்மறியாட்டுத் தோல் கோட்டு ஒன்று எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. உள்ளே ரோமம், வெளியே பழுப்புத் தோல். வெப்ப நாட்டில் இப்படியொன்று எதற்கு என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். இது பிரித்தானிய விமானியுடையதாக இருக்குமா?
— வாசகர், இரத்மலானை

சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். ஆயிரம் மீற்றர் உயரும்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறைகிறது. கீழே முப்பது பாகை என்றால் ஆறாயிரம் மீற்றர் உயரத்தில் உறைநிலைக்குக் கீழே ஒன்பது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. இங்கிருந்த விமானிகள் பெரும்பாலும் காக்கி உடையில் பறந்தாலும், உயரப் பறக்கும் பணிக்கும் குளிர்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்களின் பெட்டிக்கும் கம்பளித் தோல் கோட்டு அந்நியமானதல்ல.

நீங்கள் விவரிப்பது இர்வின் ஜாக்கெட்டாக இருக்கலாம். லெஸ்லி இர்வின் என்ற அமெரிக்கர், இங்கிலாந்தில் லெச்வர்த் நகரில் பாராசூட் தொழிற்சாலை வைத்திருந்தவர், முப்பதுகளில் உருவாக்கிய ஜாக்கெட் அது. இதன் பிரதிகளிலும் அளவுகோல் அதே பாதையில்தான் நகர்ந்தது: முன்னர் நாகரிகக் கடைகளின் தடித்த ஆட்டுத் தோலில் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டித் தைத்தார்கள், இப்போது போரின் எந்தக் கட்டத்து இர்வின் என்று கேட்டு, அதற்கேற்பத் துண்டுகளை எண்ணுகிறார்கள். தொடக்க காலத்தவற்றில் முதுகு பெரிய துண்டுகளால் ஆனது. தோல் தட்டுப்பாடான பின் சிறு துண்டுகளைப் பொருத்தித் தைத்தார்கள். அதனால் முதுகிலும் கையிலும் இணைப்புத் தையல்கள் கூடின.

கழுத்தின் உட்புறத்தில் லேபல் எஞ்சியிருக்கிறதா, அதில் 22சி என்று தொடங்கும் எண் தெரிகிறதா என்று பாருங்கள்; பிரித்தானிய விமானப்படைக் களஞ்சியத்தில் பறப்பு உடைகளுக்கு உரிய இலக்கம் அது. லேபல் இல்லாவிட்டால், கோட்டை மேசைமீது குப்புற விரித்து முதுகையும், சிப்பின் இழுவையில் பொறித்த பெயரையும், இரு கைகளின் உட்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். தேங்காயெண்ணெய் பூசி மினுக்கி மட்டும் எடுக்கவேண்டாம். துண்டுகளின் இணைப்பு எனக்குத் தெரியவேண்டும்.